உறுப்பினர் எண் 417

ஜனவரி 1, ஞாயிறு

இந்த ஆண்டின் இலக்கு: நூற்று நான்கு புத்தகங்கள். வாரத்துக்கு இரண்டு. நவம்பரில் நூலக வார விழா மேடையில் எங்கள் கிளை நூலகத்தின் 'சிறந்த வாசகர்' சான்றிதழை நான் வாங்க வேண்டும். போன வருடம் ஓவிய ஆசிரியர் சுப்புராம் வாங்கினார். ஐம்பத்தெட்டுப் புத்தகமாம். அதில் பாதி கோலப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவது என் வழக்கமில்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவளுக்கு ஒழுங்கு ஒன்றும் புதிதில்லை. காலையில் முப்பது பக்கம், மதியம் முப்பது, சாயங்காலம் நாற்பது. வாசிக்க இதைவிட நல்ல காலம் வராது. மகள் பெங்களூரில். இவர் போய் ஐந்தாவது மாதம். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த மனிதர், வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இந்திராணி டீ போடு, இந்திராணி இதைக் கேளு, இந்திராணி அந்த ஜன்னலைச் சாத்து. இப்போது வீடு நூலகத்தைவிட அமைதியாக இருக்கிறது. வசதிதான்.

கட்டிலுக்கு அடியில் தடித்த நாவல் ஒன்று பாதியில் கிடக்கிறது. அது இந்த ஆண்டுக் கணக்கில் வராது.

ஜனவரி 14

நான்கு முடிந்தன. பொங்கல் வைக்கவில்லை. வருடம் திரும்பாத வீடு. மிச்சமான நேரத்தில் ஒரு புத்தகம் கூடுதலாக முடிந்தது.

பிப்ரவரி 3

ஒன்பது. ஆமாம், அதில் இரண்டு மெலிசுதான். மாடித்தோட்டம் பற்றிய ஒன்று முப்பத்தாறே பக்கம். அதனால் என்ன? அட்டை இருக்கிறது, முன்னுரை இருக்கிறது, நன்றியுரைகூட இருக்கிறது. மூன்று சென்ட் நிலத்துக்கும் ஒரு பத்திரம்தான், முப்பது ஏக்கருக்கும் ஒரு பத்திரம்தான்.

மார்ச் 12

மகள் போன் பண்ணினாள். இலக்கைச் சொன்னேன்.

"படிச்சதுல எதும்மா பிடிச்சிருந்துச்சு?"

"பதினெட்டு முடிச்சிட்டேன்."

"அது இல்லம்மா. எது பிடிச்சுது?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

இருபத்தேழு. வேகமாக வாசிக்க இரண்டு வழிகள் உண்டு என்று ஒரு புத்தகம் சொல்கிறது. உதட்டை அசைக்கக் கூடாது. யாரோடும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 30

ஆண்டில் சரிபாதி. நாற்பத்தாறு. ஆறு குறைகிறது. சுப்புராம் எத்தனையில் இருக்கிறார் என்று தெரிந்தால் தேவலை. நேரே கேட்க முடியாது. கேட்டால் நான் போட்டி போடுவதாக நினைத்துக்கொள்வார்.

ஜூலை 4, செவ்வாய்

இன்று நடந்ததை முறைப்படி எழுதி வைக்கிறேன். பின்னால் சாட்சியத்துக்கு உதவும்.

காலை பத்தே முக்காலுக்கு நூலகம் போனேன். நூலகர் இன்னாசிமுத்து டீ குடிக்கப் போயிருந்தார். புத்தகம் வழங்கும் பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது. சுப்புராமின் உறுப்பினர் எண் 388. ஜனவரியிலிருந்து ஜூன் வரை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருக்கிறார். பயமில்லை என்று மூடப் போனபோது 417 கண்ணில் பட்டது.

417 எங்கள் வீட்டின் இரண்டாவது உறுப்பினர் எண். என் அட்டைக்கு மூன்று புத்தகம்தான் தருவார்கள் என்பதால் ஆறு வருடத்துக்கு முன்னால் இவர் பெயரிலும் ஒரு அட்டை வாங்கி வைத்தேன். ஊரில் எல்லாரும் செய்வதுதான். இவர் வாழ்க்கையில் தானாக வாசித்தது பஸ் போர்டும் நாட்காட்டித் தாளின் பின்பக்கமும் மட்டும். அட்டை வாங்கிய அன்று, "நானும் படிச்சவனாயிட்டேன், பாத்துக்கோ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். போன ஆகஸ்டுக்குப் பிறகு அந்த அட்டையை நான் தொடவில்லை.

ஆனால் 417 இந்த ஜனவரியிலிருந்து வாரம் தவறாமல் புத்தகம் எடுத்திருக்கிறது. சில வாரம் இரண்டு. மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சு. சங்கரலிங்கம்' என்று கையெழுத்து.

எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவர் இங்கேதான் வந்து போய்க்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்தேன். பிறகுதான் கையெழுத்தைக் கவனித்தேன். இவர் எழுதினால் கடைசி எழுத்துகள் சரிவில் இறங்கும் பஸ் மாதிரிக் கீழே போய்விடும். இங்கே எல்லாம் கோட்டின்மேல் நேராக நின்றன. செத்தபிறகு இவருக்குக் கையெழுத்து திருந்தியிருக்கிறது.

இன்னாசிமுத்து டீயோடு உள்ளே வந்தார். பதிவேட்டில் என் விரலைப் பார்த்தார். டீயைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"அக்கா, உக்காருங்கக்கா."

"இது யார் போட்ட கையெழுத்து?"

"நாந்தான்க்கா."

மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுத்தால் கேட்க ஏழெட்டுக் கேள்வி தயாராக இருந்தது.

"செத்த மனுசன் பேர்ல கையெழுத்துப் போட்டா என்னன்னு தெரியுமா? முப்பத்திரண்டு வருசம் இதைப் பிடிக்கிறதுக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன்."

"தெரியும்க்கா. ஒரு நாளைக்கு இத்தனை புத்தகம் வெளிய போகணும்னு கேக்குறாங்க. குறைஞ்சா பகுதிநேர நூலகமா ஆக்கிருவாங்க. மூணு மணி நேரந்தான் திறப்பு. நான் ராமநாதபுரம் பக்கம் எங்கயாச்சும் போகணும். வெளிநாடு போன ரெண்டு பேரு அட்டை, அப்புறம் அண்ணன் அட்டை. வேற யாரையும் தொடலக்கா. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாகன்னு ஒரு தைரியம்."

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க உள்ள புத்தகம் தேடுவீக. அண்ணன் வண்டிய வெளிய நிறுத்திட்டு எங்கூடத்தான பேசிக்கிட்டு இருப்பாக. என்ன புத்தகம் எடுக்கா, அதுல என்ன கதைன்னு எங்கிட்டதான் கேப்பாக."

புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கதையை இவர் என்னிடமே கேட்டிருக்கலாம் என்று வழியில் தோன்றியது.

ஜூலை 6

மாவட்ட நூலக அலுவலருக்குப் புகார் மனு எழுதினேன். பொருள், பார்வை, விவரம் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் இணைப்புப் பட்டியல் இல்லாமல் மனு நிற்காது. என்னென்ன புத்தகங்கள் என்று தெரிய வேண்டும்.

ஜூலை 11

இன்னாசிமுத்துவிடம் பட்டியல் கேட்டேன். தன்மேல் புகார் கொடுக்கத்தான் என்று தெரிந்தும் அழகாக எழுதிக் கொடுத்தார். தேனீ வளர்ப்பு. கிணறு வெட்ட இடம் பார்ப்பது. பற்களின் பாதுகாப்பு (இவருக்குக் கீழ்வரிசையில் நான்கு பல் கிடையாது). ஒரு தீவு நாட்டின் தபால் வரலாறு. பனியில் நடந்துகொண்டே இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல், அறுநூறு பக்கம்.

"இதெல்லாம் என்ன தேர்வு?" என்று கேட்டேன்.

"யாருமே எடுக்காத புத்தகம்க்கா. பத்து வருசம் ஒருத்தரும் எடுக்கலைன்னா கழிச்சுக் கட்டிருவாங்க. அண்ணன் பேர்ல ஒரு தடவை போனா அதுக்கு உயிர் நீளும். அண்ணன் எந்தப் புத்தகத்தையும் வேணாம்னு சொல்ல மாட்டாகல்ல?"

அது உண்மைதான். போட்ட சாப்பாட்டையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஜூலை 15

மனு இன்னும் வலுவாக வேண்டும். இந்தப் புத்தகங்களை இவர் வாசித்திருக்கவே முடியாது என்று நிறுவ வேண்டும். அதற்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். தேனீ வளர்ப்பை எடுத்து வந்தேன்.

இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். காதில் விழுந்தால் இவருக்குப் புரியுமா என்று சோதிக்கத்தான். புரிந்திருக்கும். ராணித் தேனீ கூட்டைவிட்டு வெளியே போகாது, வேலைக்காரத் தேனீக்கள்தான் நாளெல்லாம் அலைந்து கொண்டுவந்து ஊட்டும் என்று ஓரிடம். இவர் இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்.

ஜூலை 29

தேனீ முடிந்தது. சத்தமாக வாசித்தால் மணிக்குப் பன்னிரண்டு பக்கம்தான் போகிறது. இரண்டு வாரம் ஒரே புத்தகத்துக்குப் போய்விட்டது. என் எண்ணிக்கை நாற்பத்தேழில் நிற்கிறது. தொண்டைக்கு நல்ல பயிற்சி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று முதல் தெவசம். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். எள், பச்சரிசி, அகத்திக்கீரை, வாழைக்காய் என்று சாமான் வாங்கி மூன்று நாளாக அலைச்சல். ஐயர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். அவருக்கும் ஏதோ இலக்கு போலிருக்கிறது.

மகள் பீரோவைத் துடைக்கும்போது என் போன வருட டைரியை எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் பார்க்கவேண்டாம் என்று வைத்திருந்தது. பார்த்தேன். போன வருடம் என் இலக்கு எண்பது.

ஜூலை 20 அன்று இப்படி எழுதியிருக்கிறேன்: 'நாற்பத்திரண்டு முடிந்தது. தடித்த நாவல், பக்கம் 312. இவருக்கு இன்றும் மூச்சிரைப்பு. "என்ன கதை அது, கொஞ்சம் சத்தமா வாசியேன், நானும் கேக்குறேன்" என்கிறார். சத்தமாக வாசித்தால் வேகம் குறையும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.'

அதற்கு அடுத்த வரி: 'ரேஷனில் பருப்பு வரவில்லை.'

அந்தச் சனிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு வாரம் அங்கேயே. திரும்பி நடந்து வரவில்லை.

முப்பத்து நான்கு வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் கேட்டது மிகக் கொஞ்சம். டீ, ஜன்னல், இது. கொடுக்காமல் போனேனே என்று இன்று அழுதேன். மகள் தெவசத்துக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 5

பற்கள் பாதுகாப்பு முடிந்தது. கிணறு நடக்கிறது. இன்னாசிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, இந்த வாரம் அண்ணனுக்கு என்ன போடட்டும்? கோழிப் பண்ணை ஒண்ணு இருக்கு, மண் பரிசோதனை ஒண்ணு இருக்கு."

"ஏற்கெனவே விவசாயம் நிறைய ஆயிருச்சு. பயணம் ஏதாவது கொடுங்க. அவருக்கு ஊர் ஊராப் போகத்தான் பிடிக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனு இன்னும் அனுப்பவில்லை என்பது வேறு. பட்டியலைச் சரிபார்க்கும் வேலை முடியவில்லை.

அக்டோபர் 27

இன்று தபாலில் ஒரு கடிதம். மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து. 'திரு. சு. சங்கரலிங்கம் அவர்களுக்கு. தங்களின் இடையறாத வாசிப்பைப் பாராட்டி, நடப்பாண்டின் சிறந்த வாசகராகத் தங்களைத் தேர்வு செய்துள்ளோம் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். நவம்பர் 19 அன்று தாங்கள் நேரில் வருகை தந்து...'

கூடவே இருந்த பட்டியலில் இவருக்கு அறுபத்து மூன்று புத்தகங்கள். இரண்டாமிடம் சுப்புராம், ஐம்பத்து நான்கு. எனக்கு ஐம்பது. பத்து மாதம் உட்கார்ந்து வாசித்தவளை, சுவரில் மாலையோடு தொங்குகிறவர் ஜெயித்துவிட்டார்.

கடிதத்தைப் படம் முன்னால் வைத்தேன். இவர் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்புதான். இன்று அது வேறு மாதிரி இருந்தது.

மதியமே இன்னாசிமுத்து வந்துவிட்டார். வேர்த்து வடிந்தது.

"அக்கா, நான் பேரு அனுப்பலக்கா. மாவட்டத்துல கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க, அதுவே வரிசைப்படுத்திக் கொடுத்துருச்சு. ஆளு இல்லைன்னு சொன்னா எப்ப இருந்து இல்லைம்பாங்க. எல்லாத்தையும் தோண்டுவாங்க. நான் கெட்டேன்க்கா. ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

"நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

"நீங்க உங்க மனுவ அனுப்பினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன்க்கா. அண்ணன் பேர நான் அப்படிப் பயன்படுத்தியிருக்கக் கூடாது."

தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 2

மனுவை மறுபடி வாசித்தேன். ஒரு பிழை இல்லை. இவ்வளவு நல்ல மனு நான் எழுதியதே இல்லை. அனுப்பினால் ஒரு மாதத்தில் விசாரணை, நூலகர் தற்காலிகப் பணிநீக்கம், நூலகத்துக்குப் பூட்டு. அனுப்பாவிட்டால் நான் பொய்க்கு உடந்தை.

நவம்பர் 19, ஞாயிறு

எழுதாமல் விட்டால் நானே பிறகு நம்ப மாட்டேன்.

நூலகத்துக்கு முன்னால் பந்தல். நாற்காலிகளை நிரப்ப எதிர்ப் பள்ளியிலிருந்து ஐம்பது பிள்ளைகள். பெரியவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். முன்வரிசையில் சுப்புராம். இவர் போனபோது தோளில் துண்டோடு சுடுகாடுவரை வந்தவர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மனுவைக் கைப்பையில் வைத்திருந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மாவட்ட அலுவலர் ஒரு அம்மா. நல்ல குரல். வாசிப்பு மனிதனை முழுமையாக்கும் என்றெல்லாம் பேசினார். பிறகு, "இந்த ஆண்டின் சிறந்த வாசகர், திரு. சங்கரலிங்கம்!" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னாசிமுத்து ஒலிபெருக்கி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் எழுந்து போனேன்.

"நீங்க?"

"அவர் வீட்டுக்காரி."

"சார் வரலையா?"

"அவரால வர முடியல."

"பரவால்ல. அவருக்கு ரொம்ப நெருக்கமானவங்க நீங்க. அவர் வாசிப்பைப் பத்திப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பத்திரம் பதிய வருகிறவர்களின் சாட்சிகளிடம், 'இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா?' என்று முப்பத்திரண்டு வருடம் கேட்டவள் நான். எல்லாரும் பட்டென்று 'தெரியும்' என்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று மேடையில் நின்றபோதுதான் தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரர் தானா ஒரு புத்தகமும் வாசிச்சதில்ல," என்றேன்.

அலுவலரின் புன்னகை அப்படியே நின்றது. இன்னாசிமுத்து வயரை விட்டுவிட்டார்.

"நான் வாசிக்கணும். அவர் கேப்பார். கேக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. தேனீ வளர்ப்பு வாசிச்சேன். பல்லு, கிணறு, தபால் எல்லாம் வாசிச்சேன். நடுவுல எழுந்து போகாம, பேசாம கேட்டார். நான்தான் ரொம்ப தாமதமா ஆரம்பிச்சேன். வீட்ல யாராவது வாசிச்சுக் காட்டச் சொன்னா உடனே வாசிச்சிருங்க, பிள்ளைகளா. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்னு சொல்லாதீங்க."

பேச்சு அவ்வளவுதான். ஒரு பொய்கூட இல்லை. பதிவுத்துறைச் சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

முதலில் கைதட்டியது சுப்புராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அலுவலர் அம்மா நெகிழ்ந்துபோய், "கேட்பதும் வாசிப்புதான்! இப்படிப்பட்டவர்தான் இங்கே வாசகர் வட்டத்துக்குத் தலைவரா வரணும். என்ன சொல்றீங்க?" என்றார்.

பந்தலில் பெரியவர்கள் பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். சுப்புராம் மெல்ல எழுந்தார். "நான் முன்மொழிகிறேன்," என்றார். பின்னாலிருந்து பால்கடைக்காரர் வழிமொழிந்தார். போட்டியின்றித் தேர்வு.

சான்றிதழ் வாங்கும் பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலாவது ஒழுங்கு இருக்கட்டும்.

வாசலில் சுப்புராம் நின்றுகொண்டிருந்தார். "தலைவர்கிட்ட என் வாழ்த்தைச் சொல்லிருங்கக்கா," என்றார். சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 21

இன்னாசிமுத்து காலில் விழ வந்தார். தடுத்து, நிபந்தனை சொன்னேன். "வெளிநாட்டுக்காரங்க அட்டையை மூடிருங்க. 417-இல் நான் தூக்கிட்டுப் போறதை மட்டும் எழுதுங்க. கையெழுத்தும் நானே போடுறேன், என் பேர்ல. யாருக்காகன்னு மட்டும் பக்கத்துல எழுதிக்கோங்க." எண்ணிக்கை குறையுமே என்றார். பந்தலில் இருந்த ஐம்பது பிள்ளைகளுக்கும் அட்டை போடுங்கள் என்றேன். இத்தனை நாள் அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மனுவின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. அடுத்து வாசிக்க வேண்டியவற்றை அதில் எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

ஆண்டு முடிவு. இலக்கு நூற்று நான்கு, முடித்தது ஐம்பத்தொன்று. இவர் பட்டியலில் இன்னும் ஐம்பத்தெட்டு பாக்கி. மகள் போனில் அதே கேள்வியைக் கேட்டாள். தேனீ பிடித்தது என்றேன். ஏன் என்றாள். அரை மணி நேரம் பேசினோம்.

அடுத்த ஆண்டின் இலக்கு: ஒரு புத்தகம்.

காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தத் தடித்த நாவலை எடுத்துத் தூசி தட்டினேன். 417-இல் போன வருடம் உண்மையாகவே எடுத்தவற்றில் அது ஒன்றுதான் இன்னும் திரும்பவில்லை. 312-ஆம் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட் இருந்தது. நான் எப்போதும் பக்கத்தின் மூலையை மடித்துத்தான் வைப்பேன். அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் பக்கம் தப்பிவிடக் கூடாது என்று இவர்தான் வைத்திருக்க வேண்டும்.

312-லிருந்து வாசித்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நான்கு பக்கம்தான் போனது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, "புரியுதாங்க?" என்று கேட்டிருக்கிறேன்.